வின்செஸ்டர் ஏன் நம்ம ஊருக்கு வரவில்லை?

டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு வின்செஸ்டர் என்ற பெயரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசியிலிருந்து 1984 முதல் வந்துகொண்டிருக்கும் லயன் காமிக்ஸ் புண்ணியத்தில், விருதுநகர் மாவட்டத்துப் பையன்கள் பலருக்கு அரிசோனா பாலைவனம் அடுத்த தெரு மாதிரி. நம்ம அப்பாக்களுக்கு ஜெய்சங்கரைக் குதிரை மேல் ஏற்றி கர்ணன் எடுத்த படங்கள். இரண்டிலும் அந்த ஒரு காட்சி நிச்சயம் இருக்கும். துப்பாக்கியின் வயிற்றுக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி. அதை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, "டக் டக்" என்று அடுத்த குண்டுக்குத் தயாராவார் ஹீரோ.

அந்தக் கைப்பிடிதான் நெம்புகோல், அதாவது லீவர். இந்த வகைக்குப் பெயரே லீவர் ஆக்‌ஷன் ரைபிள். அதை எப்படிச் செய்தார்கள், நம்ம பக்கம் ஏன் அது வரவே இல்லை, நம் கொல்லர்களால் அதைச் செய்திருக்க முடியுமா என்ற மூன்று கேள்விகள்தான் இந்தக் கட்டுரை.

மூன்றாவது கேள்வி வரக் காரணம் ஊர். எங்க ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லைங்க! ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், சின்ன மலை மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிற, புரட்டாசி சனிக்கிழமை ஆனால் கூட்டம் அள்ளுகிற திருவண்ணாமலை. இங்கிருந்து தெற்கே ராஜபாளையம், சேத்தூர் தாண்டினால் சிவகிரி, அடுத்து வாசுதேவநல்லூர். இப்போது தென்காசி பஸ் போகிற சாதாரண ரோடு. 18ம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலேயே துப்பாக்கிச் சத்தம் அதிகமாகக் கேட்ட பாதைகளில் ஒன்று. அப்படிப்பட்ட பாதையில் இன்றைக்குத் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற காவலாளியின் இரட்டைக் குழல்தான். நடுவில் என்ன ஆச்சு?

முதலில் வின்செஸ்டர் கதையை முடித்துவிடுவோம்.

தீபாவளிக்கு வாங்குகிற ரோல் கேப் துப்பாக்கி ஞாபகம் இருக்கா? சுத்தியல் போல ஒன்று வந்து சிவப்புப் பொட்டில் அடிக்கும், பொட்டு வெடிக்கும். அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தலாம் என்று 1807ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பறவை வேட்டைப் பிரியர். அதுவரை துப்பாக்கி என்றால் எரிகிற திரியை வைத்தோ, சிக்கிமுக்கிக் கல்லை உரசியோதான் பற்ற வைக்க வேண்டும். பொட்டு வந்த பிறகு, குண்டு, மருந்து, பொட்டு மூன்றையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடைக்கலாம் என்ற யோசனை வந்தது. அதுதான் தோட்டா. தோட்டா ஒரே துண்டாக ஆனதால்தான், அதை ஒரு இயந்திரம் எடுத்து, உள்ளே தள்ளி, வெறும் கூட்டை வெளியே எறிய முடிந்தது. தோட்டா இல்லாமல் லீவர் இல்லை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்மித், வெஸ்ஸன் என்ற இரண்டு பேர் 1850களில் வால்கனிக் என்ற பெயரில் லீவர் வைத்த துப்பாக்கி செய்து பார்த்தார்கள். கம்பெனி நொடித்தது. அதில் பணம் போட்டிருந்த ஆலிவர் வின்செஸ்டர் அதை எடுத்துக்கொண்டார். அவர் துப்பாக்கிக்காரரே இல்லை. நியூ ஹேவன் ஊரில் சட்டை தைக்கும் தொழிற்சாலை நடத்தியவர்! அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860ல் காப்புரிமை வாங்கிய ரைபிளில்தான் எல்லாம் கூடி வந்தது. குழலுக்கு அடியிலேயே இன்னொரு குழல், அதற்குள் வரிசையாகப் படுத்திருக்கும் தோட்டாக்கள், பின்னால் தள்ள ஒரு ஸ்பிரிங். 1866ல் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைத்து, அதன் வழியாகத் தோட்டாவைத் திணிக்கும்படி செய்தார்கள். உடல் பகுதி பித்தளை நிறத்தில் பளபளக்கும். பிறகு 1873 மாடல். அப்புறம் ஜான் பிரவுனிங் என்ற மகா கெட்டிக்காரர் வடிவமைத்த 1886, 1892, 1894, 1895 மாடல்கள். 1894 மாடல் மட்டும் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது.

லீவரைத் தள்ளினால் உள்ளே என்ன நடக்கிறது? பழைய மாடல்களில் இருப்பது முழங்கை தத்துவம். கையை நேராக நீட்டிச் சுவரில் ஊன்றுங்கள். சுவர் எவ்வளவு தள்ளினாலும் கை மடங்காது. முழங்கையை லேசாக மடக்குங்கள், உடனே விட்டுக்கொடுக்கும். தோட்டாவுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பு இப்படி ஒரு முழங்கை மேல்தான் நிற்கிறது. லீவரை முன்னால் தள்ளினால் முழங்கை மடங்கும், அடைப்பு பின்னால் வரும், வரும்போதே வெற்றுக் கூட்டை இழுத்து எறியும், சுத்தியலைப் பின்னால் சாய்த்து நிறுத்தும். கடைசியில் ஒரு சின்ன லிஃப்ட் அடிக்குழலிலிருந்து புதுத் தோட்டாவைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். லீவரை இழுத்தால் அடைப்பு தோட்டாவை உள்ளே தள்ளும், முழங்கை நேராகும். ஒரு கை அசைவில் ஐந்து வேலை.

இத்தனை வேலையும் நடக்க வேண்டுமானால், உள்ளே இருக்கிற துண்டுகள் ஒன்றோடு ஒன்று மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் எல்லோரும் வி-ஜாயின்ட் அராவியிருக்கிறோம் இல்லையா? கை வீங்க அராவி, ஒரு வழியாக இரண்டு துண்டும் சேர்ந்துவிடும். இப்போது உங்கள் துண்டில் ஒன்றை எடுத்துப் பக்கத்து மேஜைக்காரனுடைய துண்டோடு சேர்த்துப் பாருங்கள். சேரவே சேராது! உலகம் முழுக்கத் துப்பாக்கி இப்படித்தான் பல நூற்றாண்டு செய்யப்பட்டது. ஒரு துப்பாக்கியின் விசை இன்னொன்றுக்குப் பொருந்தாது. உடைந்தால் அதே கொல்லரிடம் போக வேண்டும்.

அமெரிக்காவில் 19ம் நூற்றாண்டின் முதல் பாதியில் அரசாங்க ஆயுதச் சாலைகள் இதை மாற்றின. மில்லிங் மெஷின், அச்சைப் பார்த்து மரத்தைக் கடைந்து துப்பாக்கிக் கட்டை செய்கிற பிளான்சார்டின் லேத், ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்க அளவுமானிகள். எந்தத் துண்டை எடுத்தாலும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்பது குறி. ராஜபாளையம் மில்லில் ஒரு கதிர் தேய்ந்தால் அதே நம்பர் கதிரை வாங்கி மாட்டிவிட்டுப் போகிறார்களே, அந்த வசதியின் பிறப்பிடங்களில் முக்கியமானது இந்தத் துப்பாக்கிச் சாலைகள்தான். வின்செஸ்டர் இந்த வம்சத்தில் வந்த பிள்ளை. கௌபாய் கையில் பார்க்கிறபோது காட்டுத்தனமாகத் தெரியும். உண்மையில் அது தொழிற்சாலையில் மட்டுமே பிறக்கக்கூடிய பொருள்.

அதற்காகக் கைவேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். உருக்குத் தண்டில் நீளமாகத் துளை போடுவது மெஷின். ஆனால் குழல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது மனிதக் கண். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பார்கள். துளையின் சுவரில் ஒரு நிழல் கோடு விழும். கோடு வளைந்தால் குழல் வளைந்திருக்கிறது. அந்த இடத்தில் பதமாக அழுத்தித் திருத்த வேண்டும். எத்தனை நவீன மெஷின் வந்த பிறகும் இந்த நிழல் பார்க்கிற ஆளுக்குத் தொழிற்சாலையில் தனி மதிப்பு இருந்தது.

சரி, இப்போது சிவகிரிக்கு வருவோம்.

துப்பாக்கி என்ற சொல்லே நம்முடையது இல்லை. துருக்கிய மொழியின் துஃபெக் சுற்றிச் சுற்றித் தெலுங்கில் துபாகி, தமிழில் துப்பாக்கி. பொருள் வெளியிலிருந்து வந்தது, செய்முறை நம் கொல்லர்களிடம் தங்கிவிட்டது. பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கி திரித்துப்பாக்கி. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, அடித்து ஒட்டவைத்தால் குழல். குழலின் பக்கத்தில் ஊசித்துளை, அதன் வாயில் மருந்து வைக்கச் சின்னக் கிண்ணம். விசையை இழுத்தால், வெடியுப்பில் ஊறிய புகையும் திரி பாம்புத் தலை போல வளைந்து வந்து கிண்ணத்தைத் தொடும். அவ்வளவுதான். ஒரு நல்ல கொல்லரும் ஒரு நல்ல தச்சரும் இருந்தால் போதும். மருந்துக்கு வெடியுப்பு, கரி, கந்தகம். குண்டுக்கு ஈயம். கந்தகமும் ஈயமும் சந்தையில் வாங்க வேண்டும், மற்றதெல்லாம் ஊருக்குள்ளேயே.

இதையும் ஈட்டியையும் வளரியையும் வைத்துக்கொண்டுதான் பூலித்தேவர் நெற்கட்டும்செவலில் ஆற்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தார். 1761ல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடிக்க யூசுப் கான் பட்ட பாடு சின்னதல்ல. 1783ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியை அடித்துவிட்டுச் சிவகிரிக்கு வந்தபோது, சிவகிரியார் மலையடிவாரத்துக் காட்டுக்குள் போய்விட்டார். கம்பெனிப் படை காட்டை வெட்டி ரோடு போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த அடர்ந்த முட்காட்டில் சிப்பாயின் கல்துப்பாக்கிக்கும் பாளையக்காரன் திரித்துப்பாக்கிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே ஒரு தடவை சுட்டுவிட்டு வாய் வழியாக மருந்து இடிக்க வேண்டியவைதானே! வித்தியாசம் பீரங்கியிலும், பணத்திலும், சம்பளம் வாங்கும் படையிலும் இருந்தது.

1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும் என்று மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையையே திரும்ப எழுப்பிச் சண்டை போட்டார். மே 24 அன்று அதுவும் விழுந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று பிற்காலத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்தச் சின்ன மருதுவையும் அண்ணனையும் அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் சென்னை அரசாங்கம் அறிவிப்பு வெளியிட்டது. பாளையப்பட்டு மக்கள் இனி ஆயுதம் ஏந்தக் கூடாது.

வருஷத்தைக் கவனியுங்கள். 1801. ஃபோர்சைத்தின் பொட்டு மருந்துக்கு ஆறு வருஷம் முன்னால். அதாவது துப்பாக்கி என்ற பொருளே அடியோடு மாறப்போகிற நேரத்தில் நம்ம பட்டறை மூடப்பட்டது. கல், பொட்டு, தோட்டா, லீவர் என்று நடந்த எந்தப் பாடத்துக்கும் நம் கொல்லர் வகுப்பில் இல்லை. அரிவாளுக்கும் ஏர்க்கொழுவுக்கும் திரும்பிப் போனார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளைப் பார்த்தால் தெரியும், இரும்பு பதம் பார்க்கிற கை எங்கும் போய்விடவில்லை. கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடுகிறார்களே, அந்த இரும்புக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

"ஆயுதத்தைப் பிடுங்கினதால்தான் ஊர் அமைதியாச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. பாளையக்காரர்கள் ஒருவரை ஒருவர் கொள்ளையடித்துக்கொண்டதும் வரலாறுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்றும் எனக்கு ஆசை இல்லை. ஆனால் ஆயுதத்தைப் பிடுங்குவது வேறு, தொழிலை அழிப்பது வேறு. இதற்கு ஜப்பான் ஒரு சாட்சி. 1543ல் தானேகஷிமா தீவில் இறங்கிய போர்த்துகீசியர் கையிலிருந்தது இதே திரித்துப்பாக்கிதான். ஜப்பானியக் கொல்லர்கள் உடனே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அங்கேயும் 1588ல் ஹிதேயோஷி குடியானவர்களிடம் ஆயுதங்களைப் பறித்தார். ஆனால் குனிதோமோ, சகாய் ஊர்க் கொல்லர்கள் துப்பாக்கி செய்வதை நிறுத்தவில்லை. தொகுகாவா அரசு அவர்களைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு வேலை கொடுத்தது. கம்பெனிக்குச் சிவகிரிக் கொல்லரின் தேவை என்ன? அதற்கு வேண்டிய துப்பாக்கி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது.

1857க்குப் பிறகு இந்தச் சந்தேகக் கண் இன்னும் கூர்மையானது. இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் வெள்ளைக்காரச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான். வெள்ளைக்காரனுக்கு மார்ட்டினி ஹென்றி வந்தபோது நம்மாளுக்கு ஸ்னைடர். அவனுக்கு லீ மெட்ஃபோர்ட் வந்த பிறகுதான் நம்மாளுக்கு மார்ட்டினி. இந்த மார்ட்டினியிலும் அடியில் லீவர் உண்டு என்பதுதான் வேடிக்கை! 1871ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைபிள் அது. லீவரைக் கீழே தள்ளினால் அடைப்பு முன்பக்கம் சாய்ந்து வழி விடும், தோட்டாவைக் கையால் வைக்க வேண்டும். ஒன்று ஒன்றாகத்தான் சுடலாம். வின்செஸ்டரின் கூடப் பிறக்காத அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்திய மண்ணில் அதிகம் புழங்கிய லீவர் இதுதான்.

ராணுவங்கள் ஏன் வின்செஸ்டரை எடுக்கவில்லை? 1877ல் பிளெவ்னாவில் துருக்கியர்கள் வின்செஸ்டரால் ரஷ்யர்களை நொறுக்கியதை உலகமே பார்த்தது. ஆனாலும் அந்த முழங்கை, ராணுவத்தின் பெரிய தோட்டாவைத் தாங்காது. குப்புறப் படுத்துக்கொண்டு லீவரை ஆட்டினால் தரையில் இடிக்கும். குழலுக்குள் வரிசையாக இருக்கும் தோட்டாக்களில் கூர்முனைக் குண்டு போட்டால், ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பொட்டில் குத்தி நிற்கும். விளைவைச் சொல்ல வேண்டுமா? 1895 மாடலில் அடிக்குழலை விட்டுவிட்டுப் பெட்டி வைத்து இதைச் சரிசெய்தார்கள். முதல் உலகப் போரில் ரஷ்யா அதை லட்சக்கணக்கில் வாங்கியது. அதற்குள் உலகம் போல்ட் ரைபிளுக்குப் போய்விட்டது.

இந்திய மக்களுக்கோ 1878ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். உரிமம் இல்லாமல் துப்பாக்கி கூடாது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. குடகர்களுக்கு மட்டும் 1861லிருந்தே தனி விலக்கு இருந்தது, அது இப்போது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உரிமத்தில் துப்பாக்கி மட்டும் இல்லை, எத்தனை தோட்டா வாங்கலாம் என்ற கணக்கும் உண்டு. மறந்துவிடாதீர்கள் என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. திரித்துப்பாக்கிக்காரன் மருந்தை ஊரிலேயே அரைத்துக்கொண்டான். பித்தளைக் கூட்டை இழுத்து வார்த்து, அடியில் பொட்டு வைக்க ஊர்க் கொல்லரால் ஆகாது. தோட்டா யார் கையிலோ, துப்பாக்கியும் அவர் கையில்.

ஆனால் அரசாங்கத்தின் கை எட்டாத ஒரு இடம் இருந்தது. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல். அங்கே பட்டாணியக் கொல்லர்கள் மார்ட்டினி ஹென்றியை அப்படியே பார்த்து, அரத்தையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு, ஃபேக்டரி முத்திரை உட்படக் காப்பி அடித்தார்கள். முத்திரையில் எழுத்துப் பிழை இருக்கும், அது வேறு விஷயம் :-) உருக்கின் தரத்தையும் நம்ப முடியாது. ஆனால் லீவர் வேலை செய்தது. பட்டறை மூடப்படாமல் இருந்தால், தொழிற்சாலை இல்லாத கொல்லரும் ஒரு லீவர் துப்பாக்கியை எட்டிப் பிடிக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி? என் மூன்றாவது கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். சிவகிரிக் கொல்லரும் செய்திருப்பார். ஆயிரம் ஒரே மாதிரி செய்திருக்க மாட்டார், ஒன்று செய்திருப்பார்.

எல்லைப்புறத்தில் பரவிக் கிடந்த இந்த மார்ட்டினிகளுக்குத் தோட்டா கிடைத்துவிடக் கூடாது என்ற பயத்தில், 1907 வாக்கில் .450 அளவுத் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவதையே தடுத்தார்கள். ராணுவம் வைத்திருந்த .303ம் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால் வேட்டைக்காரர்கள் வேறு அளவுகளைத் தேடிப் போனார்கள். தமிழ்நாட்டுக் காட்டில் ஒரு நிஜமான வின்செஸ்டர் லீவர் ஆக்‌ஷன் நடமாடிய கதை அப்படித்தான் நமக்குக் கிடைக்கிறது. பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910 - 1974), ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளின் பின்னால் அலைந்தபோது தோளில் இருந்தது 1895 மாடல், .405 அளவு. அவர் புத்தகங்களில் அந்தத் துப்பாக்கியும் ஒரு பாத்திரம் மாதிரி வந்துகொண்டே இருக்கும். லண்டன் கடைகளின் இரட்டைக் குழல் ரைபிள் ராஜாக்களுக்கு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த அமெரிக்க ரைபிள், விமானத் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவரின் கைக்கும் எட்டியது.

1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை முடிந்தது. நம்ம மலையும் 1988ல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021ல் புலிகள் காப்பகம். நல்லதுதான். துப்பாக்கி செய்வது இந்தியாவில் அரசாங்க வேலையாகத்தான் திரும்பி வந்தது. 1904ல் கல்கத்தா பக்கம் ஈசாப்பூர், தமிழ்நாட்டில் 1966ல் திருச்சி. ஈசாப்பூரில் பொதுமக்களுக்குச் செய்த .315 ரைபிள்கூட போல்ட் வகைதான். லீவர் இந்திய லேத்தில் ஏறவில்லை.

நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் தொழிற்சாலையையும் 2006ல் மூடிவிட்டார்கள். அந்தப் பெயரில் இன்று வருகிற 1873 மாடலைச் செய்வது ஜப்பானின் கோச்சியில் இருக்கிற மிரோகு என்ற கம்பெனி. பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்க உலகிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று இருக்கிற நாட்டில்! டெக்ஸ் வில்லரைப் பெற்ற இத்தாலியிலும் உபெர்த்தி என்ற கம்பெனி 1866, 1873 மாடல்களைப் பழையபடியே செய்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறது.